ஏன் நின்று அடிக்கவில்லை? விமானச் சண்டை பற்றி ஓர் எளிய விளக்கம்

1941 டிசம்பர் 23 காலையில் ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. அந்த ஊருக்கு அது முதல் அனுபவம். பதுங்குவதை விட்டுவிட்டு ஏராளமானோர் தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். சிதறுகுண்டுகள் விழுந்தபோது அப்படி நின்றவர்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். மொகல் தெருவில் கிட்டங்கி வைத்திருந்த நம்மூர்க்காரர்களுக்கும் அன்று அதே வானம்தான்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பர்மா கதை இல்லாத வீடு குறைவு. பெரும்பாலும் அது நடந்தே ஊர் வந்து சேர்ந்த கதையாகவோ, விட்டுவிட்டு வந்த நிலத்தின் கதையாகவோ இருக்கும். எங்கள் ஐயா சொன்னது கொஞ்சம் வேறு. "அமெரிக்காக்காரன் பிளேன் மேலேயிருந்து சர்ருன்னு இறங்கும். படபடன்னு சுடும். அப்புறம் அப்படியே ஓடிப் போயிரும். நின்னு அடிக்க மாட்டான். ஜப்பான்காரன் பிளேன் சின்னது, ஆனா வட்டம் போட்டு வட்டம் போட்டு வரும்" என்பார். ஜப்பான்காரன் வீரன், அமெரிக்காக்காரன் பயந்தாங்கொள்ளி என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்.

அவர் பார்த்தது சரி, தீர்ப்புதான் சரியில்லை. அது ஏன் என்று விளங்கிவிட்டால் விமானச் சண்டையில் முக்கால்வாசி விளங்கின மாதிரி.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 400 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம் மூக்கைத் தாழ்த்தி 1,000 மீட்டர் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றின் தடையை இன்ஜினின் இழுவை சரிக்கட்டிவிடுகிறது என்று எடுத்துக்கொண்டால், கீழே வந்து சேரும்போது அதன் வேகம் ஏறத்தாழ 640 கி.மீ. இந்தக் கூடுதல் வேகத்தை இன்ஜின் தரவில்லை, உயரம் தந்தது. அதே வேகத்தோடு மூக்கைத் தூக்கினால் இழந்த உயரத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். உயரமும் வேகமும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரே சரக்கு.

லேவாதேவி செய்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு இதை விளக்க ஐந்தொகை போதும். உயரம் என்பது போட்டுவைத்த முதல். வேகம் கையில் புரளும் ரொக்கம். இன்ஜின் மெதுமெதுவாக வந்து சேரும் வட்டி. வளைந்து திரும்புவது செலவு. எவ்வளவு இறுக்கமாகத் திரும்புகிறானோ அவ்வளவு பெரிய செலவு. ரொக்கமும் தீர்ந்து முதலும் கரைந்து, தரையை ஒட்டி மெதுவாகப் பறந்துகொண்டிருக்கும் விமானிதான் திவாலானவன். அவன் விமானத்தில் எத்தனை துப்பாக்கி இருந்தாலும் அப்போது உதவாது.

திரும்புவதில் ஏன் செலவு என்று கேட்கலாம். விமானத்தை ஸ்டியரிங் வைத்து ஒடிக்க முடியாது. ஒரு பக்கமாகச் சாய்த்து, மேலே தூக்கிக்கொண்டிருக்கும் இறக்கையின் விசையையே பக்கவாட்டில் திருப்பி, அதைக் கொண்டுதான் வளைக்கிறார்கள். 60 பாகை சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பினால் இறக்கை விமானத்தின் எடையைப் போல இரு மடங்கு சுமக்க வேண்டும். இறக்கை கூடுதலாகச் சுமந்தால் காற்று கூடுதலாகப் பிடித்து இழுக்கும், வேகம் கரையும். வட்டத்தின் அளவும் வேகத்தோடு சேர்ந்தே வளரும். அதே 60 பாகைச் சாய்வில் மணிக்கு 360 கி.மீ. வேகத்தில் போகிறவன் போடும் வட்டத்தின் ஆரம் 590 மீட்டர் அளவுக்கு வரும். வேகம் இரட்டிப்பானால் ஆரம் நாலு மடங்கு, அதாவது 2 கி.மீட்டருக்கும் மேல். ஆக, வேகமாக வருகிறவனால் மெதுவாகப் பறப்பவனோடு போட்டி போட்டு வட்டமடிக்க முடியாது.

இனி ரங்கூனுக்குத் திரும்புவோம். அன்று வந்த ஜப்பானியச் சண்டை விமானம் நகாஜிமா கி-27. சக்கரத்தை உள்ளே மடக்கக்கூட வசதி இல்லாத பழைய அமைப்பு, இரண்டே இரண்டு சிறு இயந்திரத் துப்பாக்கிகள். ஆனால் இறகு மாதிரி லேசு. எடை குறைவு, இறக்கை பெரிது என்றால் சின்ன வட்டத்தில் திரும்பலாம். இந்த விஷயத்தில் அதை அடித்துக்கொள்ள அந்தக் காலத்தில் ஆள் கிடையாது. எதிரே இருந்தது அமெரிக்கர்களின் பி-40, மூக்கில் சுறாவின் வாய் வரைந்த விமானம். எடை ஏறக்குறைய இரு மடங்கு. வட்டமடித்தால் தோற்பது உறுதி. ஆனால் அதன் வேகம் மணிக்கு 80, 90 கி.மீ. கூடுதல். தலைகீழாகப் பாய்ந்தால் கி-27 கிட்டேயே வர முடியாது. விமானிக்குக் கவசத் தகடு இருந்தது, பெட்ரோல் தொட்டி ஓட்டை விழுந்தால் தானே அடைத்துக்கொள்ளும் வகை, துப்பாக்கிகளும் ஆறு.

அமெரிக்கத் தன்னார்வப் படை என்ற பெயரில் சீனாவுக்காகச் சம்பளத்துக்கு வந்திருந்த இந்த விமானிகளுக்குத் தலைவர் கிளேர் செனால்ட். அமெரிக்க ராணுவத்தில் ஓய்வு பெற்று 1937 முதல் சீனாவில் இருந்தவர். ஜப்பானியர் எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்பதை அங்கிருந்தே கவனித்தவர். பர்மாவின் டவுங்கூவில் விமானிகளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உட்காரவைத்துக் கரும்பலகையில் பாடம் எடுத்தார். பாடத்தின் சாரம் இவ்வளவுதான்: எதிரியை விட உயரத்தில் இரு. மேலிருந்து பாய், ஒரே வரிசையாகச் சுடு, நிற்காமல் கீழே போய்விடு, தூரத்தில் மறுபடி உயரம் பிடி, திரும்ப வா. எந்த நிலையிலும் அவனோடு வட்டமடிக்காதே. ஒரு ஜப்பானிய விமானத்தை வீழ்த்தினால் 500 டாலர் தனி வெகுமதி. ஆக, ஓடிப்போனவனும் வருமானத்தில் குறியாகத்தான் இருந்தான். எங்கள் ஐயா பேரேடு எழுதிப் பழகியவர். வசூல் ஆனதும் வாசலில் நின்று வம்பு வளர்க்கக் கூடாது என்று கடைப் பையன்களுக்குச் சொல்லியிருப்பார். வானத்தில் அதையே பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை.

அந்த வாரம் யார் எத்தனை விமானம் வீழ்த்தினார்கள் என்று கேட்டால் இரு தரப்பும் பெரிய எண்களைச் சொல்லும். விமானச் சண்டையில் இந்த எண்களை எந்த நாட்டுக்காரர் சொன்னாலும் கழித்துக் கேட்பது நல்லது. ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டு, மூவரும் தனித்தனியே கணக்கில் ஏற்றுவது சாதாரணம். புகை கக்கிக்கொண்டு கீழே இறங்கிய விமானம் ஊர் போய்ச் சேர்ந்ததும் உண்டு.

உயரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு இன்னும் பக்கத்தில் உதாரணம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு. ஜப்பானியக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் நகரத்துக்கு மேலே வந்து சேரும்வரை ரத்மலானை விமானத் தளத்துக்குச் சரியான எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தலைக்கு மேலே எதிரி வந்த பிறகுதான் பிரிட்டிஷாரின் ஹரிக்கேன் சண்டை விமானங்கள் ஓடுதளத்தை விட்டு எழும்பின. எழும்பும் நேரம்தான் ஒரு சண்டை விமானத்துக்குக் கதியற்ற நேரம்: உயரமும் இல்லை, வேகமும் இல்லை. மேலே காத்திருந்த ஜப்பானியரின் ஜீரோ சண்டை விமானங்களுக்கு அது போதும். தப்பி மேலே போன சிலரும் ஜீரோவோடு வட்டமடிக்கப் பார்த்து மாட்டிக்கொண்டார்கள். அன்று எழும்பிய ஹரிக்கேன்களில் பாதிக்கு நெருக்கமாகத் திரும்பவில்லை. ஹரிக்கேன் மோசமான விமானமா என்றால் இல்லை. இரண்டு வருடம் முன்பு இங்கிலாந்தைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு அதற்குத்தான். அங்கே முன்கூட்டியே ரேடார் சொன்னது, உயரம் பிடிக்க நேரம் கிடைத்தது. இங்கே கிடைக்கவில்லை.

செட்டிநாட்டில் கால்நடைப் பண்ணைக்குள் கிடக்கும் பழைய ஓடுதளம் அந்த உலகப் போர்க் காலத்து ஓடுதளம். அதற்கு மேலே சண்டை எதுவும் நடந்ததாக யாரும் கதை கட்டிவிட வேண்டாம்.

அடுத்தது கண். துப்பாக்கிக் காலத்தில் வீழ்த்தப்பட்ட விமானிகளில் மிகப் பலர் தங்களைச் சுட்டவனைக் கடைசிவரை பார்க்கவே இல்லை. சினிமாவில் வருகிற மாதிரி இருவரும் நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு மோதுவதெல்லாம் அபூர்வம். முதல் உலகப் போரிலேயே, 1916-இல், ஓஸ்வால்ட் போல்கே என்ற ஜெர்மானிய விமானி இதற்கு விதிமுறை எழுதிவைத்துவிட்டார். தாக்கும் முன்பே அனுகூலத்தைத் தன் பக்கம் சேர்த்துக்கொள், முடிந்தால் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், கிட்டே போய் மட்டும் சுடு, பின்பக்கமிருந்து தாக்கு, இந்த வகையில் எட்டு விதிகள். அந்த ஆண்டு அக்டோபரிலேயே அவர் இறந்தார். எதிரி சுட்டு இல்லை, சண்டையின் நடுவே சொந்தப் படையின் விமானமே உரசிவிட்டது. எழுதிய விதிகள் மட்டும் இன்றுவரை பழசாகவில்லை. சித்திரை வெயிலில் நண்பகல் வானத்தை ஐந்து நொடி அண்ணாந்து பார்த்தால் சூரியன் ஏன் நல்ல மறைவிடம் என்று தெரியும்.

கிட்டே போய்ச் சுடு என்பதற்கும் காரணம் இருக்கிறது. எதிரி 300 மீட்டர் தூரத்தில் குறுக்காக, மணிக்கு 360 கி.மீ. வேகத்தில் போகிறான். நம் குண்டு நொடிக்கு ஏறக்குறைய 800 மீட்டர் வேகம். அவனை அடைய அரை நொடிகூட ஆகாது. ஆனால் அதற்குள் அவன் 37 மீட்டர் போயிருப்பான். ஜீரோவின் நீளமே 9 மீட்டர்தான். ஆக, நாலு விமான நீளம் முன்னால், ஒன்றுமே இல்லாத வெறும் காற்றைப் பார்த்துச் சுட வேண்டும். அதிலும் நம் விமானம் அசைகிறது, அவனும் வளைகிறான். 1940-இன் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் சண்டை விமானத்தில் இருந்த எட்டுத் துப்பாக்கிகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 15 நொடிக்குத்தான் குண்டு இருக்கும். வீணடிக்க முடியாது. பின்னால் போய், 100, 150 மீட்டர் நெருங்கிவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம், நேராகக் குறி வைக்கலாம். எல்லோரும் எதிரியின் வாலைப் பிடிக்கத் துடிப்பது அதற்காகத்தான்.

வால் பிடிபட்டவன் என்ன செய்வான்? விமானத்தைச் சாய்த்து, சுடுகிறவன் பக்கமாகவே வெடுக்கென்று இறுக்கமாக வளைப்பான். எதிர்ப்பக்கம் வளைத்தால் குறி வைக்க இன்னும் சுலபமாகக் கொடுத்தமாதிரி ஆகிவிடும். இந்த வளைவில் உடம்பு படும் பாடுதான் வெளியே தெரியாது. 6 ஜி, அதாவது பூமியின் ஈர்ப்பைப் போல ஆறு மடங்கு, என்றால் 70 கிலோ ஆள் 420 கிலோ கனக்கிறான். கையைத் தூக்குவதே பெரிய வேலை. தலையிலிருந்து ரத்தம் கால் பக்கம் இறங்கும். முதலில் பார்வையில் நிறம் வெளுத்து எல்லாம் சாம்பலாகும், அப்புறம் ஓரங்களிலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வந்து குழாய்க்குள் பார்ப்பதுபோல ஆகும், அதற்கும் மேலே இழுத்தால் முழு இருட்டு. கண் தெரியாமல், நினைவு மட்டும் இருந்துகொண்டு விமானத்தை ஓட்டும் கம்பைப் பிடித்திருப்பான். இன்னும் இழுத்தால் அந்த நினைவும் போய்விடும். கழுத்தைத் திருப்பி வாலைப் பார்க்க வேண்டியதும் இதே நேரத்தில்தான்.

தனியாளாகப் போனால் இதிலிருந்து தப்புவது கஷ்டம். அதனால்தான் ஜோடி. 1930-களில் பிரிட்டிஷ் விமானப் படை மூன்று விமானங்களை நெருக்கமாக, வி வடிவத்தில் பறக்கவிட்டது. அணிவகுப்பில் அழகாக இருக்கும். ஆனால் பக்கத்தில் பறக்கும் இருவரும் தலைவன் இறக்கையில் இடித்துவிடாமல் இருக்க அவனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வானத்தைப் பார்க்க ஆளே இல்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் வெர்னர் மோல்டர்ஸ் முதலிய ஜெர்மானியர்கள் இதைத் தூக்கியெறிந்துவிட்டு, இரண்டிரண்டாக, இடைவெளி விட்டுப் பறக்கத் தொடங்கினார்கள். ஒருவன் தாக்குவான், மற்றவன் அவன் முதுகைக் காப்பான். இரண்டு ஜோடி சேர்ந்தால் நாலு பேர், விரித்த கையின் நாலு விரல் நுனி போல. பிரிட்டிஷார் 1940-இல் அடிபட்ட பிறகுதான் மாறினார்கள்.

ஜோடியை வைத்து ஒரு பலவீனமான விமானம் பலமான விமானத்தைச் சமாளித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாட்ச், ஜீரோ என்றொரு ஜப்பானிய விமானம் நம்முடையதை விட வேகமாக ஏறுகிறது, சின்ன வட்டத்தில் திரும்புகிறது என்ற உளவுத் தகவலை 1941-இல் படித்தார். ராத்திரி வீட்டுச் சமையலறை மேசையில் தீக்குச்சிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு யோசித்தார். விடை இப்படி வந்தது: இரண்டு விமானம் பக்கவாட்டில் போதிய இடைவெளி விட்டுப் பறக்கட்டும். ஒருவன் வாலை எதிரி பிடித்தால், இருவரும் ஒருவரையொருவர் நோக்கி வளையட்டும். துரத்தும் எதிரி பின்தொடர்ந்தால் தானாகவே இன்னொருவனின் துப்பாக்கிக்கு நேர் எதிரே வந்து நிற்பான். பின்தொடராமல் விலகினால் துரத்தல் முடிந்தது. பிறகு திரும்பவும் விலகி, திரும்பவும் வளைந்து, பின்னல் போல இது நடந்துகொண்டே இருக்கும். தன் பக்கத்து விமானங்களின் சக்தியை வேண்டுமென்றே குறைத்து வைத்துக்கொண்டு தோழர்களைத் தாக்கச் சொல்லி ஒத்திகை பார்த்தார். தாக்க வந்தவர்களுக்குக் குறி வைக்கவே வழி கிடைக்கவில்லை. 1942 ஜூன் 4, மிட்வே கடற்போரில் நிஜ ஜீரோக்கள் மேலே விழுந்தபோது அதையே செய்தார், பிழைத்தார்.

இதில் இயந்திரத்தின் பங்கும் உண்டு, சில சமயம் அற்பமான இடத்திலிருந்து அது வரும். 1940-இல் ஸ்பிட்ஃபயர் துரத்தினால் ஜெர்மானியன் மூக்கைச் சட்டென்று கீழே தள்ளிப் பாய்ந்துவிடுவான். ஸ்பிட்ஃபயர் அதேபோலத் தள்ளினால் கார்புரேட்டரில் பெட்ரோல் மேலே எழும்பி இன்ஜின் இருமி நிற்கும். ஜெர்மானிய இன்ஜினில் எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் அமைப்பு, அதற்கு இந்தத் தொல்லை இல்லை. பிரிட்டிஷ் விமானிகள் விமானத்தைப் பாதி புரட்டிவிட்டுப் பிறகு பாய்வார்கள், அந்த ஓரிரு நொடியில் எதிரி போயிருப்பான். 1941-இல் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர், மோட்டார் சைக்கிள் பந்தயக்காரரும் கூட, நடுவில் துளை போட்ட ஒரு சின்ன உலோக வில்லையைப் பெட்ரோல் குழாயில் பொருத்தி இதைப் பெரிதும் தீர்த்துவைத்தார்.

நம் நாட்டுக் கதையும் ஒன்று. 1971 நவம்பர் 22, வங்காள எல்லையில் போய்ரா. பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் தரையைத் தாக்கிக்கொண்டிருந்தன. கல்கத்தாவின் டம்டம்மிலிருந்து இந்திய விமானப் படையின் 22-ஆம் ஸ்க்வாட்ரனின் (படைப்பிரிவின்) நாலு நாட் விமானங்கள் கிளம்பின. நாட் என்றால் கொசு. பொடி விமானம், தூரத்திலிருந்து கண்ணில் படாது என்பதே அதன் பெரிய பலம். காலையில் வந்தவர்களைப் பிடிக்க முடியவில்லை, போய்ச் சேர்வதற்குள் திரும்பிவிட்டார்கள். பிற்பகலில் மாட்டினார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு தாழ்வாக வேலை செய்தவர்கள், கையில் உயரமும் இல்லை, பின்னால் வந்தவனையும் பார்க்கவில்லை. சில நிமிடங்களுக்குள் இரண்டு சேபர்கள் விழுந்தன. பாராசூட்டில் குதித்துப் பிடிபட்டவர்களில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி பின்னாளில் பாகிஸ்தான் விமானப் படைக்கே தலைவரானார்.

சரி, இப்போதுதான் ஏவுகணை வந்துவிட்டதே, எதிரியைக் கண்ணால் பார்க்கும் முன்பே ரேடாரில் பார்த்துச் சுடுகிறார்களே, இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 1960-களில் அமெரிக்காவும் அப்படித்தான் நினைத்து, ஃபேன்டம் விமானத்தைத் துப்பாக்கியே இல்லாமல் செய்தது. வியட்நாமில் ஏவுகணைகள் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. துப்பாக்கியைத் திரும்ப வைத்தார்கள், 1969-இல் கடற்படை விமானிகளுக்கு வான்சண்டைக்கென்றே தனிப் பள்ளியும் தொடங்கினார்கள். ஜான் பாய்ட் என்ற விமானி, உயரம், வேகம், செலவு என்று நாம் மேலே பேசியதையே சமன்பாடாக எழுதியதும் அந்தப் பத்தாண்டில்தான். அதற்குப் பின் வந்த விமானங்களின் வடிவமே அதை ஒட்டி அமைந்தது.

இன்றைய ஏவுகணைக்கும் அதே ஐந்தொகைதான். அதன் மோட்டார் பெரும்பாலும் சில நொடிகள்தான் எரியும். மீதி தூரமெல்லாம் சேர்த்த வேகத்தைச் செலவழித்துக்கொண்டே போகிறது. உயரத்திலிருந்து வேகமாகப் போய்க்கொண்டே ஏவினால் ஏவுகணைக்கு ஆரம்பத்திலேயே கூடுதல் முதல் கிடைக்கிறது, மேலே காற்றும் மெலிது. குறிவைக்கப்பட்டவன் திரும்பி ஓடி, கீழே அடர்ந்த காற்றுக்குள் இறங்கினால் ஏவுகணை பாதி வழியில் மூச்சு வாங்கிவிடும். இல்லையென்றால் ரேடாருக்குக் குறுக்காக, கிட்ட வராமலும் விலகாமலும் பறப்பான். நகரும் பொருளைத் தன்னை நோக்கி வரும் அல்லது விலகும் வேகத்தை வைத்துப் பிரித்தறியும் ரேடார் அவனை அசையாத தரை என்று நினைத்துத் தவறவிட வாய்ப்புண்டு.

பக்கத்தில் தஞ்சாவூரில் 2020 ஜனவரி முதல் சுகோய்-30 ஸ்க்வாட்ரன் ஒன்று இருக்கிறது. அந்த விமானத்தைப் பற்றியோ எதிரி நாட்டு விமானத்தைப் பற்றியோ செய்தியில், இந்த ஏவுகணை 100 கி.மீ. பாயும், அது 150 கி.மீ. பாயும் என்று படித்தால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த உயரத்திலிருந்து, எந்த வேகத்தில் ஏவியது, எதிரில் வருகிறவன் மீதா அல்லது முதுகைக் காட்டி ஓடுகிறவன் மீதா என்று சேர்த்துக் கேளுங்கள். ஓடுகிறவன் மீது என்றால் அந்தத் தூரம் பாதிக்கும் கீழே போய்விடும்.